இரண்டாம் தரம் ஊதாதவர்

ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் பேண்டு செட்டு போயிருந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் ஆட, அந்த மாதம் எல்லோருடைய போனிலும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை டிரம்பெட் எடுத்துக் கொடுத்தது. அச்சு அசலாக வந்தது பாட்டு. கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது.

"இன்னொரு தபா! அதையே இன்னொரு தபா!"

பேண்டில் இருந்த மற்ற எல்லோரும் வாத்தியத்தை மெல்லக் கீழே இறக்கினார்கள். டிரம்பெட் மறுபடி ஆரம்பித்தது. பல்லவி முடியும்வரை பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு சுரம் மட்டும் வரிசையை விட்டு விலகியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மொத்தப் பாட்டும் பக்கத்துச் சந்துக்குள் புகுந்து போய்விட்டது. ஒற்றைக் காலைத் தூக்கியிருந்த ஒருவன் அதை எப்போது கீழே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

பெண்ணின் மாமா ஓடி வந்தார். "யோவ், இன்னாய்யா இது? பாட்டு எங்கய்யா போச்சு?"

டிரம்பெட் ஊதியவர் அதை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏரிப் பக்கமா போயிருக்கு. வந்துடும், இரு."

வரவில்லை. அது எப்போதும் வராது.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊரில் அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. 'டிரம்பெட்டு' என்றால் பழவேற்காட்டு பஸ் கண்டக்டர்வரை எல்லோருக்கும் புரியும். நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை, அடுத்த வீடு, அவ்வளவுதான். என் நைனா அதே பேண்டில் கிளாரினெட். பகலில் ஐஸ் கம்பெனி, முகூர்த்த நாளில் கிளாரினெட். பேண்டு செட்டு ஒத்திகை பார்ப்பது எங்கள் வீட்டு வாசலில். ஆகவே நான் டிரம்பெட் சத்தத்தில் பல் தேய்த்து, டிரம்பெட் சத்தத்தில் பாடம் படித்து வளர்ந்தவள். இன்று வேலைக்காக எங்கேயோ ஒரு பதினோராம் மாடியில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாரும் எதையும் ஊதுவதில்லை. முதல் மாதம் தூக்கமே வரவில்லை.

ஆள் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். தலைக்கு மறக்காமல் சாயம். மணலில் நடப்பதற்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. கரைக்கு நண்டு வாங்கப் போனாலும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஒரு நாள் நான் கிண்டல் செய்தேன். "இன்னா மாமா, நண்டைப் பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஊதுறவன் கசங்கக் கூடாது பாப்பா," என்றார். "சுரம் கசங்கலாம்."

முதலில் இதையெல்லாம் வீம்பு என்றுதான் நினைத்தேன். ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீம்பு இல்லை. அவருக்கு ஒன்றை இரண்டாம் தரம் அதேபோலச் செய்ய நிஜமாகவே வராது. பொன்னேரியில் வங்கிக்குப் போனால் கையெழுத்து ஒத்துப்போகாது. கவுண்டரில் இருந்த பெண் கார்டைக் காட்டி, "இது மாதிரி போடுங்க சார்" என்பாள். இவரும் கவனமாகப் பார்த்துவிட்டுத்தான் போடுவார். அது இன்னொருவர் கையெழுத்தாக இருக்கும். நான் கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு நாள் இந்தக் கூத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியில் மேனேஜரே எழுந்து வந்து, பெருவிரலில் மையைத் தடவி உருட்டச் சொன்னார்.

"படிச்சவரு கைநாட்டு வெக்கறீங்களே, கூச்சமா இல்லியா மாமா?"

விரலை உயர்த்திப் பார்த்துக்கொண்டார். "என்கிட்ட மாறாம கீறது இது ஒண்ணுதான். இருந்துட்டுப் போவட்டும்."

அத்தைக்கு எளாவூர் தாண்டி ஆந்திரப் பக்கம் சொந்த ஊர். கோபம் வந்தால் தெலுங்கு, ரொம்பக் கோபம் வந்தால் தமிழ். ஞாயிற்றுக்கிழமை சமையல் மாமாவுடையது, கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஏற்பாடு. ஒரு ஞாயிறு அத்தை கையில் கரண்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டாள்.

"போன வாரம் எறா தொக்கு வெச்சான்க்கா இந்த மனுசன். அமிர்தம். இந்த வாரமும் அதையே வெய்யின்னு எல்லாத்தையும் வாங்கிக் குடுத்தேன். வேற இன்னாத்தையோ வெச்சிக்கிறான்."

"நல்லால்லையா?"

"நல்லாத்தான் கீது. அதான் பேஜாரு. திட்டவும் முடியல."

சின்ன வயதில் சர்ச் பேண்டில் ஊதக் கற்றுக்கொண்டவர், பிறகு சென்னையில் சினிமா ஸ்டூடியோக்களில் வாசித்தவர் என்று நைனா சொல்வார். அந்த வேலை எப்படிப் போயிற்று என்பதை மாமாவே நடித்துக் காட்டுவார். கண்ணாடி அறைக்குள் இசையமைப்பாளர், இந்தப் பக்கம் வாத்தியக்காரர்கள். முதல் டேக் பிரமாதம். பாடகருக்குத் தொண்டை கட்டி நடுவில் இருமல். "ஒண்ணும் இல்ல, இன்னொரு டேக் போலாம்." போனார்கள். கண்ணாடி அறையிலிருந்து குரல் வந்தது. "டிரம்பெட், முன்ன வாசிச்சதையே வாசிங்க."

"அது போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"முதல் டேக்கோட போயிடுச்சு சார்."

இந்த இடத்தில் மாமா எழுந்து நின்று, கற்பனைக் கண்ணாடிக்கு ஒரு கும்பிடு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடப்பார். வருத்தம் துளிகூட இருக்காது. வெளியே அன்றைக்கு நல்ல மழை என்றும், போர்டிகோவில் நின்றபடி மழையோடு சேர்ந்து கொஞ்சம் ஊதியதாகவும் சொல்வார். அடுத்த தடவை சொல்லும்போது மழை இருக்காது, வெயில் கொளுத்தும். கதையையும் இரண்டாம் தரம் அதேபோலச் சொல்ல வராது அவருக்கு.

ஏரிக்குப் பூநாரை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர்தான் அவரைக் கண்டுபிடித்தது. அவர் தன் ஊரில் டிரம்ஸ் வாசிப்பவராம். படகுத்துறையில் மாமா ஒரு மோட்டார் படகின் எஞ்சினோடு போட்டி போட்டு ஊதிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பறவையை மறந்துவிட்டார். அப்புறம், நான் பிறப்பதற்கு முந்திய சில வருஷங்கள், மாமா ஊரில் இல்லை. வெள்ளைக்காரரின் ஊரில் சின்னச் சின்ன மண்டபங்களில் இரண்டு பேருமாக வாசித்தார்கள், இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். மாமா சொந்தமாகவே நிறைய இசை உருப்படிகள் கட்டினார். அவர் ஊதுவதற்கு அங்கே ஜாஸ் என்று பெயர். ஜாஸிலேயே தாளக்கட்டு, ராகக்கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்ட காட்டு ஜாதி. இதெல்லாம் எனக்குக் கல்லூரி இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது. பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் தாமதமான ஒரு மாலையில் போனில் எதையோ துழாவிக்கொண்டிருந்தேன். திடீரென்று அடுத்த வீட்டு மாமாவின் முகம்! இளமையாக, அதே சட்டை மடிப்போடு, ஒரு ஆல்பத்தின் அட்டையில். யாரோ ஒருவர் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ரயில் வந்தது, நான் ஏறவில்லை.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அவர் காதில் இயர்போனைச் செருகினேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"யாரு இது? நல்லா ஊதறானே."

"மாமா! நீங்கதான்!"

"அப்படியா?" மறுபடி கேட்டார். "இப்ப இப்படி ஊதமாட்டேன்," என்று இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெற்றிலை வாங்கக் கிளம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பின்னாலேயே போனேன். உலகம் கொண்டாடியதே, எதற்காக விட்டுவிட்டு வந்தீர்கள், ஏன், ஏன் என்று கடைவரை நச்சரித்தேன்.

"கொண்டாடல பாப்பா. தலையாட்டினாங்க. எதை ஊதினாலும் கண்ணை மூடிக்கினு, புரிஞ்ச மாதிரியே. ஒருத்தன்கூட எழுந்து, இன்னாய்யா ஊதறேன்னு சட்டையைப் புடிக்கல. நம்ம ஜனத்துக்கு நடுவுல ஊதணும்னு தோணிச்சு, வந்துட்டேன்."

வந்தவருக்கு ஊரில் கிடைத்தது கல்யாணமும் சாவும் சர்ச் திருவிழாவும்தான். அதில் அவருக்குக் குறை இல்லை. ஒரே ஒரு ஆசை மட்டும் விடாமல் இருந்தது. தான் கட்டிய ஒரு பெரிய உருப்படியை, எங்கள் பேண்டு செட்டை வைத்து, எங்கள் ஊர் ஆட்கள் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாசித்துவிட வேண்டும்.

அந்த உருப்படி ஏரியிலிருந்து வந்தது. ஏரியில் இறால் பிடிக்க வலை கட்டும் இடத்தைப் பாடு என்பார்கள். எல்லா இடமும் ஒன்றில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் வலை நிறையும். உள்ளே தள்ளிய இடத்தில் பாசிதான் வரும். அதனால் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம், எத்தனை நேரம் என்று முறை பிரித்துக்கொள்வார்கள். உன் முறையில் உன் இடத்தில் நீ ராஜா, எப்படியும் வலை போடலாம். அடுத்தவன் இடத்தில் ஒரு கண்ணி விழுந்தாலும் ஊர் கூடிவிடும். மாமா சுரங்களை அப்படிப் பிரித்தார். கீழ்ப்பாடு, நடுப்பாடு, மேல்பாடு. வாசிப்பதற்கு முன் சீட்டு. யாருக்கு எது விழுகிறதோ, அந்த எல்லைக்குள் என்ன வேண்டுமானாலும் ஊதலாம், எல்லையைத் தாண்டக் கூடாது. டிரம் அடி மாறினால் முறை மாறும். இதை இரண்டாம் தரம் அதேபோல வாசிக்க யாராலும் முடியாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

எனக்குத் தலை சுற்றியது. "மாமா, இது ஜீனியஸ்!"

"கத்தாத. உங்க நைனா எழுந்துடப் போறான்."

நைனாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "சொன்ன பாட்டைச் சொன்னபடி ஊதினாத்தான் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்புடுவான். இவன் சீட்டுக் குலுக்கறேன்றான்," என்று கிளாரினெட்டைத் துடைத்தபடி முணுமுணுப்பார். ஆனாலும் ஒத்திகைக்கு முதலில் வந்து உட்காருவது அவர்தான்.

பேண்டு மாஸ்டர்தான் மசியவில்லை. யூஃபோனியம் என்ற கனத்த குரல் பித்தளைக் குழல் வாசிப்பவர், குண்டு மனுஷன், மாமாவுக்குப் பள்ளிக்கூடத் தோழன். காணும் பொங்கலன்று ஏரியில் படகுப் போட்டி நடக்கும். அது முடிந்ததும் கரையில் மேடை, பரிசு, பேண்டு. அங்கே அரைமணி நேரம் கேட்டார் மாமா.

"டேய், அன்னிக்கு அத்தனை ஊர் ஜனமும் வரும். கல்யாண ஆர்டரு எல்லாம் அந்த மேடையைப் பாத்துத்தான் வருது. ஜனம் எழுந்து போச்சுன்னா அவ்ளோதான், கும்மிடிப்பூண்டி பேண்டுக்காரன் உள்ள பூந்துடுவான்."

"எழுந்து போவாது."

"போச்சுன்னா?"

எங்கள் வாசலில் எல்லோரும் இருந்தோம். மாமா குனிந்து ஷூவில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "போச்சுன்னா அன்னியோட வுட்டுடறேன். அப்புறம் நீ சொல்ற பாட்டை, நீ சொன்னபடி, எத்தினி தபா கேட்டாலும், கத்துக்கினாவது அதேமாதிரி ஊதறேன். சாவறவரைக்கும்."

அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மறுபடி உள்ளே போய்விட்டாள். அவரிடமிருந்து அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இஸ்திரி போட்ட சட்டைதான் இருக்கும். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மாஸ்டர்கூட, "சரி வுடு, பொங்கல் வரட்டும்," என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

காணும் பொங்கலும் வந்தது. நல்ல வெயில், நல்ல காற்று. படகுப் போட்டியில் எங்கள் ஊர் தோற்றுவிட்டதால் ஜனம் ஏற்கெனவே கடுப்பில் இருந்தது. பரிசு கொடுத்து முடித்ததும் மைக் என் கைக்கு வந்தது. கல்லூரியில் படித்தவள் என்று என்னைத்தான் அறிவிக்கச் சொல்லியிருந்தார்கள். நானும் வாரக்கணக்கில் தயாரித்திருந்தேன். ஜாஸ் எங்கே பிறந்தது, விடுதலை என்றால் என்ன, கட்டுப்பாடு என்றால் என்ன என்று மூச்சு விடாமல் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் வாயைத் திறந்து கொட்டாவி விட்டார்.

மேடையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். மாமா டிரம்பெட் வாயை அடைத்து ஊதப் பயன்படுத்தும் டம்ளர் அது. குண்டு யூஃபோனியத்துக்கு மேல்பாடு விழுந்தது. எடுத்த எடுப்பிலேயே மாஸ்டரின் முகம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. கிளாரினெட்டுக்கு நடுப்பாடு. அந்த வாத்தியத்தில் நடு சுரங்கள்தான் சோகை பிடித்தவை, கணீரென்று வராது. மாமாவுக்குக் கீழ்ப்பாடு. டிரம்பெட்டின் அடித்தொண்டை. அவர் டம்ளரால் அதன் வாயை மூடி, ஒரு உறுமல் எடுத்தார். தண்ணீருக்கு அடியில் யாரோ பெட்டியை இழுப்பதுபோல இருந்தது.

முதல் இரண்டு நிமிஷம் ஜனம் பொறுத்தது. பிறகு பின்வரிசையில் லுங்கியிலிருந்து மணலைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு குடும்பம் பாயைச் சுருட்டியது. பக்கத்தில் இன்னொன்றும் எழுந்தது. நான் மேடை ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். பாய் சுருட்டுவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. உறுமலை நிறுத்தவில்லை.

என் அருகில் கூடையோடு உட்கார்ந்து சுட்ட சோளம் விற்ற ஆயா என் தாவணியை இழுத்தாள். "ஏம்மே, சீட்டு குலுக்கினாங்களே, இன்னாத்துக்கு? பரிசா?"

"இல்ல ஆயா. பாடு பிரிச்சிக்கிறாங்க. அடிச் சத்தம் டிரம்பெட்டுது. நடுவுல கீறது எங்க நைனாது. மேல மாஸ்டருது. ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் வரக் கூடாது."

"இத்த மொதல்ல சொல்றதுதானே? இன்னாமோ அமெரிக்கான்னு பேசிக்கினு இருந்தே!" என்றவள் பின்னால் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். "யோவ், குந்துங்க! பாடு பிரிச்சு ஊதறாங்களாம்!"

அது வரிசை வரிசையாகப் பின்னால் போனதை என் கண்ணால் பார்த்தேன். பாயைச் சுருட்டியவர்கள் சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்தார்கள். வலைக்காரர்களின் முகம் மாறியது. யாரும் கண்ணை மூடவில்லை. கண்ணைச் சுருக்கி, தண்ணீரில் மிதப்புக் கட்டைகளைப் பார்ப்பதுபோல மேடையைப் பார்த்தார்கள். "கீழ்ப்பாட்டுக்காரன் நல்லா இழுக்கறான்பா." "நடுவுல ஒண்ணும் தேறல, பாவம்." "மேல பாரு, மாஸ்டரு மூச்சு வாங்கறாரு."

தேறாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர் என் நைனா. கீழே டிரம்பெட் உறுமும் அழகைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. கிளாரினெட்டுக்கும் அடித்தொண்டை அருமையாக வரும். மெல்ல ஒரு சுரம் கீழே இறங்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று இன்னொன்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுசாக இறங்கி, குழைந்து குழைந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏய்! எல்லை தாண்டிட்டான்!"

"அது டிரம்பெட்டு எடம்டா! ஏறுடா மேல!"

"அய்யே, இவ்ளோ பெரிய மனுசன், இன்னா திருட்டு வேலை!"

கரை முழுக்க எழுந்து நின்றது. வீட்டுக்குப் போக யாரும் எழவில்லை, எல்லோரும் சண்டைக்கு எழுந்தார்கள். இரண்டு பேர் மேடையில் ஏறிவிட்டார்கள். எங்கள் சித்தப்பா முறை ஆள் ஒருவர், "தெரியாம எறங்கிட்டான்பா," என்று நைனாவுக்காக வாதாட, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "தெரியாமயா? எங்க எடத்துலயும் உங்காளுங்க இப்படித்தான் தெரியாம வர்றீங்க," என்று பழைய கணக்கை இழுத்தார். வாத்தியங்கள் நின்றுவிட்டன. ஊர்த் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து மேடைக்கு வந்து கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது.

"கிளாரினெட்டு, எல்லை தாண்டினியா இல்லியா?"

"தாண்டல தலைவரே. வழுக்கிடுச்சு," என்றார் நைனா.

"அவ்ளோ நேரமாவா வழுக்கினே?" என்று சோள ஆயா கேட்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

தலைவர் சிரிக்கவில்லை. ஏரியில் எப்படித் தீர்ப்புச் சொல்வாரோ அதே குரலில் சொன்னார். "இந்த முறை முடியறவரைக்கும் கிளாரினெட்டு சும்மா குந்தணும். டிரம்பெட்டு, உன் முறை கெட்டுப் போச்சு. மொதல்லேர்ந்து ஊது."

மாமா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தீர்ப்பை மீறினால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

"தலைவரே, ஊதினதையே திரும்ப ஊத எனக்கு வராதுங்க."

தலைவருக்குப் புரியவில்லை. ஏதோ குழந்தை பேசுவதுபோலப் பார்த்தார்.

"ஊதினதை யாருய்யா கேட்டா? வலையில வந்து போன மீனையா திருப்பிக் கேப்பாங்க? கெட்டுப்போன முறையைத்தான் திருப்பித் தர்றோம். நீ வலையைப் போடு, எது வருதோ வரட்டும்."

மாமா தலையை ஆட்டினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டிரம்பெட்டைத் தூக்கினார். முன்பு உறுமிய இடத்தில் இப்போது ஒரு நீண்ட, மெல்லிய, நடுங்காத சுரம் புறப்பட்டது. முன்பு ஊதியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நைனா கிளாரினெட்டை மடியில் கிடத்தி, முறைத்துக்கொண்டே ரசித்தார். பேண்டு மாஸ்டர் உச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். வெயில் சாயும்வரை ஒருவர்கூட இடத்தைவிட்டு எழவில்லை. எவனாவது மறுபடி எல்லை தாண்டினால் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே.